முதல் ட்ரையத்லானுக்கான சாமான்கள்: நனைந்த பிறகு எது உருப்படி?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டிதான் ட்ரையத்லான். கடையில் 'ட்ரையத்லான்' என்று அட்டை போட்டு மாட்டியிருக்கும் சாமான்கள் எல்லாமே கடைக்குள் நன்றாகத்தான் இருக்கும். ஏசி காற்று, உலர்ந்த கை, அவசரமில்லாத நேரம். போட்டியன்று இந்த மூன்றும் கிடைக்காது. நீச்சலை முடித்து எழுந்து வருபவருக்கு விரல் நுனி சுருங்கியிருக்கும், நாடித்துடிப்பு 160-ஐத் தொட்டிருக்கும், லேசாகத் தலை சுற்றும். அந்த நிலையில் மாட்ட, பூட்ட, இழுக்க முடிகிறதா என்பதுதான் இவற்றுக்கு வைக்க வேண்டிய பரீட்சை. அதனால் கீழே உள்ள மதிப்பீடு முழுவதும் ஒத்திகையை வைத்துத்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெருமைகளுக்கு இதில் இடமில்லை.

எடுத்துக்கொண்டது ஸ்பிரிண்ட் தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். முதல் முறை இறங்குபவர்கள் பெரும்பாலும் இதில்தான் பெயர் கொடுக்கிறார்கள். ஊர் என்று பார்த்தால் சென்னையும் அதே வெக்கையும் ஈரமும் உள்ள மற்ற கடற்கரை ஊர்களும். குளிர்நாட்டு யூடியூப் சேனல்கள் தரும் பட்டியலை அப்படியே வாங்கினால் பாதி சாமான் பீரோவில் தூங்கும்.

1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில், ட்ரையத்லான் என்ற பெயரோடு நடந்த முதல் போட்டியில் ஓட்டம்தான் முதலில்; நீச்சல் கடைசியில். களைத்துப்போன ஆளைத் தண்ணீரில் இறக்குவது ஆபத்து. அதனால் பின்னாளில் நீச்சல் முன்னுக்கு வந்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்ந்தபோதும் இதே வரிசைதான். உயிருக்கு நல்லது, சாமானுக்குத்தான் கஷ்டம். ஆரம்பத்திலேயே எல்லாம் நனைந்துவிடுகிறது. பிறகு ஓட்டம் முடியும்வரை காய வழியில்லை.

ஒத்திகையை எப்படி நடத்துவது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் சாமானை மதிப்பிட முடியாது. முழுத் தூரம் தேவையில்லை. 400 மீட்டர் நீச்சல் (50 மீட்டர் குளத்தில் 8 நீளம், 25 மீட்டர் குளத்தில் 16), 10 கிலோமீட்டர் சைக்கிள், இரண்டரை கிலோமீட்டர் ஓட்டம் போதும். ஆனால் சாமான் மட்டும் போட்டியன்று போடப்போகும் அதே சாமானாக, கர்சீஃப் வரைக்கும் அதுவாகவே இருக்க வேண்டும். போட்டிக்குப் பத்து முதல் பதினான்கு நாள் முன்பு செய்வது நல்லது. ஏதாவது தேறாவிட்டால் மாற்று வாங்கி, அதையும் ஒருமுறை நனைத்துப் பார்க்க அவகாசம் இருக்கும். இரண்டு நாள் முன்பு செய்தால் பயம்தான் மிஞ்சும்.

சென்னையில் இதற்குப் பெரிய தடை, குளமும் ரோடும் ஒட்டி இல்லாததுதான். நீச்சல் குளங்கள் மணிக்கணக்கில் பேட்ச் வைத்து விடுகின்றன. பேட்ச் முடிந்து வெளியே வரும்போது டிராஃபிக் சூடு பிடித்திருக்கும். ஞாயிறு முதல் பேட்ச் பிடித்து, சைக்கிளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வாசலில் நிறுத்தி வைத்தால் சமாளிக்கலாம். அதுவும் முடியாதவர்களுக்கு வாளி ஒத்திகை இருக்கிறது. மொட்டை மாடியிலோ வாசலிலோ பத்து நிமிடம் ஸ்கிப்பிங் போட்டு மூச்சு வாங்க வைத்துக்கொண்டு, ட்ரைசூட்டோடு (மூன்றுக்கும் மாற்றாமல் போடும் ஒட்டிய உடை) தலையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டியது. உடனே ஹெல்மெட், சைக்கிள், ரோடு. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சாமானைப் பொறுத்தவரை குளத்தில் இறங்கி ஏறுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி சாமான்கள்.

ட்ரைசூட்தான் இந்தப் பட்டியலில் விலை அதிகம், குழப்பமும் அதிகம். அதன் சூட்சுமம் அடியில் தைத்திருக்கும் பேடில் இருக்கிறது. சைக்கிள் ஷார்ட்ஸில் உள்ள பேட் தடிமனான நுரை. தண்ணீரில் இறங்கினால் குழந்தையின் ஈர டயப்பர் மாதிரி கனத்துத் தொங்கும், ஓடும்போது தொடையில் உரசும். ட்ரைசூட் பேட் அதில் பாதிகூட இருக்காது. கையால் பிழிந்தால் நீர் ஓடிவிட வேண்டும். வாங்கும்போது பேடை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே எழும் மெல்லிய ஃப்ளீஸ் துணி என்றால் சரி. மெத்தென்று உள்ளே போய் மெதுவாக எழுந்தால், அது சைக்கிள் பேடுக்கு ட்ரையத்லான் அட்டை மாட்டிய சரக்கு.

சைஸ் பார்ப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ட்ரையல் ரூமில் நிமிர்ந்து நின்று, சௌகரியமாக இருக்கிறது என்று பெரிய சைஸ் எடுத்துவிடுவார்கள். நிற்கும்போது தோளில் கொஞ்சம் இழுக்க வேண்டும், சைக்கிளில் குனிவது போலக் குனிந்ததும் அந்த இழுப்பு போய்விட வேண்டும். அதுதான் சரியான சைஸ். நிற்கும்போதே தளர்வாக இருக்கும் சூட், நீச்சலில் கழுத்து வழியாக நீரை அள்ளிப் பை போல உப்பும். ஒவ்வொரு கை வீச்சுக்கும் அந்த நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். குனிந்து பார்த்த பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி, ஃப்ரீஸ்டைல் போல மாற்றி மாற்றி வீசிப் பாருங்கள். அக்குளில் தையல் குத்தினால் 15 நீளம் தாண்டுவதற்குள் தோல் சிவந்துவிடும்.

ஒற்றைத் துண்டா, மேல் கீழ் தனித்தனியா? முதல் போட்டிக்கு இரண்டு துண்டுதான் என் சிபாரிசு. காரணம் மிகச் சாதாரணம்: காலையில் கழிப்பறை வரிசை. பதற்றத்தில் இரண்டு முறையாவது போக வேண்டிவரும். ஒற்றைத் துண்டு என்றால் தோளிலிருந்து உரித்துக்கொண்டு உட்கார வேண்டும், ஈரமாகிவிட்டால் திரும்ப ஏற்றுவது தனிப் பாடு. பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். இரண்டு துண்டில் ஒரு குறை உண்டு: குனியும்போது மேல் துண்டு ஏறி, இடுப்புக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு வெயிலில் காயும். கீழ்விளிம்பில் சிலிக்கான் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அந்தத் தொல்லை குறையும். கால் முழுக்க மூட வேண்டும் என்பவர்கள் நைலான்-லைக்ரா நீச்சல் லெக்கிங்ஸை ட்ரை ஷார்ட்ஸுக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம், பெரிய நஷ்டம் இல்லை. பருத்தி மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம். வெள்ளை நிறமும் வேண்டாம். நனைந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

நீந்தி முடித்து ஏறிய பிறகு மேலே பனியன் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அதை வாளி ஒத்திகையில் ஒருமுறை செய்து பார்க்கட்டும். ஈர உடம்பில் உலர்ந்த துணி வழுக்காது. தோள்பட்டைக்குக் கீழே கயிறாகச் சுருண்டு நின்றுவிடும். இறக்கிவிட முதுகுக்கு இன்னொருவர் கை வேண்டும், போட்டியில் வெளியாள் உதவிக்கு அனுமதி இல்லை. மேல் துண்டை நீந்தும்போதே போட்டிருப்பதுதான் சரி.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விஷயம்: 20 கிலோமீட்டருக்கு ட்ரைசூட் கட்டாயம் இல்லை. பழகின சீட் என்றால் பேடே இல்லாத, ஒட்டிய பாலியஸ்டர்-எலாஸ்டேன் ஓட்ட டைட்ஸ் தாங்கும். இந்த விளையாட்டில் தொடர்வோமா என்று தெரியாதவர்கள் ட்ரைசூட் பணத்தை மிச்சம் பிடித்து டயரில் போடலாம்.

உரசும் இடங்களுக்கு வாஸ்லின் போதும். தனி க்ரீம் வேண்டியதில்லை. கழுத்துப் பின்புறம், அக்குள், தொடை உட்பக்கம், ஜிப் முடியும் இடம். ஆனால் தடவும் வரிசை முக்கியம். வாஸ்லின் தடவிய விரலோடு நீச்சல் கண்ணாடியைத் தொட்டால் லென்ஸ் முழுக்க மங்கல்; கழுவினாலும் போகாது. கண்ணாடியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தடவி, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். போட்டி இடத்தில் சோப்பு இருக்காது என்பதால் வீட்டிலேயே தடவிக்கொண்டு கிளம்புவதும் உண்டு. ஒரு மணி நேரம் தாங்கும்.

நீச்சல் கண்ணாடியில் விலைக்கும் பொருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. பட்டையை மாட்டாமல் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திக் கையை எடுங்கள். இரண்டு மூன்று விநாடி ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. உடனே விழுந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பிராண்டானாலும் கசியும். கசிவதை நிறுத்தப் பட்டையை இறுக்குவார்கள். கண்ணைச் சுற்றி வளையம் விழுமே தவிரக் கசிவு நிற்காது.

லென்ஸ் நிறத்தில் நம் கடற்கரைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வங்காள விரிகுடாவில் காலை நீச்சல் என்றால் கரையிலிருந்து உள்ளே போகும்போது சூரியன் நேர் எதிரே. தெளிவான லென்ஸில் மிதவை தெரியாது, வெறும் வெள்ளைப் பளபளப்புதான். கடலில் நடக்கும் போட்டிக்கு ஸ்மோக் அல்லது மிரர் லென்ஸ். குளத்தில் நடந்தால் தெளிவானது. உள்பக்கப் பனிப்படலத் தடுப்புப் பூச்சை விரலால் துடைத்தால் போயே போய்விடும். வெறும் தண்ணீரில் அலசி உதறுவதோடு சரி. பட்டையைத் தொப்பிக்கு அடியில் போடுங்கள், நெரிசலில் இன்னொருவர் கை பட்டாலும் கழன்று மூழ்காது. கூட்டத்தில் நீந்திப் பழகாதவர்கள் ஒத்திகையில் இரண்டு நண்பர்களை ஒரே லேனில் இறக்கி, மேலே மோதச் சொல்லிப் பார்க்கலாம். முதல் போட்டியில் மூச்சு திணறுவது பெரும்பாலும் அந்த முதல் 100 மீட்டர் நெரிசலில்தான்.

கடல் நீச்சல் பயிற்சிக்கு ஆரஞ்சு நிறக் காற்றுப் பை ஒன்று விற்கிறார்கள், இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போவது. நல்ல பொருள்தான், படகுக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிய அது உதவும். ஆனால் அது உயிர்காப்புச் சாதனம் அல்ல. சென்னைக் கடற்கரையின் இழுப்பு நீரோட்டத்துக்கு அந்தப் பை ஒன்றும் செய்யாது. பயிற்சியாளரும் மீட்பாளும் இல்லாமல் தனியாக இறங்குவதை விடக் குளத்தோடு நிற்பது மேல்.

ஹெல்மெட்டில் பார்க்க வேண்டியது பக்கிள் ஒன்றுதான். உலக ட்ரையத்லான் அமைப்பின் விதிப்படி, ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே ஹெல்மெட் பூட்டியிருக்க வேண்டும். திரும்ப சைக்கிளை மாட்டிய பிறகுதான் கழற்றலாம். மறந்தால் அபராதம். ஈரக் கையால், கண்ணாடியைப் பார்க்காமல், மூன்று விநாடிக்குள் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள். சின்னதாக, வழுவழுவென்று இருக்கும் பக்கிள்கள் இதில் தோற்றுவிடும். காந்தப் பக்கிள் நன்றாகத் தேறுகிறது. சான்றிதழ் ஸ்டிக்கரில் சைக்கிளுக்கான EN 1078 இருக்கிறதா என்று உள்ளே திருப்பிப் பாருங்கள். ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் தலைகீழாக, பட்டைகள் வெளியே தொங்க, முன்பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி வைத்து, உள்ளே கூலிங்கிளாஸைக் கால்களை விரித்துப் போட்டுவிட்டால் வரிசை தானாக அமைந்துவிடும்: கண்ணாடி, ஹெல்மெட், கிளிக், பிறகு சைக்கிள்.

இருப்பதிலேயே கொடுத்த காசுக்கு மேலே உழைக்கும் சாமான் ரப்பர் லேஸ். இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முடிச்சுப் போடும் நேரம் மிச்சம் என்பதோடு, வீங்கிய பாதத்துக்கு அது இடமும் கொடுக்கும். ஆனால் பொருத்துவதில் தவறினால் சாதாரண லேஸை விட மோசம். முதலில் கோர்த்து, பூட்டை மாட்டி, உபரி வாலை வெட்டாமல் அப்படியே விட்டு 3 கிலோமீட்டர் ஓட வேண்டும். கீழ்த் துளைகளில் தளர்வாகவும் மேல் இரண்டு துளைகளில் கொஞ்சம் இறுக்கமாகவும் இருப்பது நல்லது. குதிகால் மேலும் கீழும் வழுக்கினால் மேலே இறுக்குங்கள். பாதத்தின் மேல்புறம் மரத்தால் நடுவில் தளர்த்துங்கள். சைக்கிளுக்குப் பின் பாதம் கொஞ்சம் பெரிதாகியிருக்கும் என்பதால் இறுதி அளவை சைக்கிள் ஓட்டிய பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் கத்தரிக்கோல், அப்போதும் பூட்டுக்கு மேல் ஒரு விரல் நீளம் விட்டு வெட்டுவது நல்லது.

இரண்டு வகை விற்கிறது: ஸ்பிரிங் பூட்டு உள்ளது, துளைக்குத் துளை முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பது. முதலாவது பொருத்தச் சுலபம், ஆனால் கடற்கரை மணல் ஸ்பிரிங்குக்குள் போனால் சிக்கிக்கொள்ளும். இரண்டாவதில் பூட்டே இல்லை, ஒவ்வொரு துளையிலும் தனி இறுக்கம் வைக்கலாம். முதல் முறை பொருத்தப் பொறுமை வேண்டும். மணலில் ஓடிவரும் போட்டி என்றால் இரண்டாவதுதான்.

லேஸோடு சேர்ந்த பிரச்சினை சாக்ஸ். 5 கிலோமீட்டருக்கு சாக்ஸ் தேவையில்லை என்று அனுபவசாலிகள் சொல்வது அவர்கள் ஷூவுக்கு உண்மை. உங்கள் ஷூவின் உள்தையல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஷூவுக்குள் கையை விட்டு, பாதத்தின் உள்வளைவிலும் குதிகால் மேலேயும் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் ஈரப் பாதத்தில் கொப்புளம் உறுதி. சாக்ஸ் போடுவதென்றால் ஈரப் பாதத்தில் ஏறாது. விரல் நுனி வரை சுருட்டி ஷூவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், கொஞ்சம் பவுடரும் தூவி. பவுடர் அதிகமானால் வியர்வையில் குழைந்து பசையாகிவிடும், ஒரு சிட்டிகைதான். மணலைக் கழுவ ஒரு அரை லிட்டர் பாட்டில் தண்ணீர், துடைக்க ஒரு சின்ன டவல். டவல் அடர்ந்த நிறத்தில் இருந்தால் இருநூறு சைக்கிள்களுக்கு நடுவே உங்கள் இடம் தூரத்திலிருந்தே தெரியும்.

போட்டி எண் காகிதத்தை இடுப்பில் மாட்டும் நம்பர் பெல்ட்டுக்குக் கடையில் காசு கொடுக்காதீர்கள். தையல் சாமான் கடையில் ஒரு அங்குல அகல எலாஸ்டிக் ஒரு மீட்டரும், பைக்கு மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றும் வாங்கி, இடுப்பளவுக்கு நாலு விரல் குறைவாக வெட்டித் தைத்தால் முடிந்தது. நம்பர் சைக்கிளில் முதுகுப்பக்கம், ஓட்டத்தில் வயிற்றுப்பக்கம். பெல்ட்டைச் சுழற்றிவிட்டால் போதும். காகிதம் நனைந்து ஊசித் துளையில் கிழியும், அங்கே இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி அதன் மேல் ஊசி குத்துங்கள்.

சைக்கிள் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும். உங்களிடம் இருப்பதே போதும் என்பதுதான் சுருக்கமான பதில். அதில் செலவு செய்வதென்றால் டயருக்கு மட்டும். 28 மில்லிமீட்டர் டயருக்கு, 65-70 கிலோ எடையுள்ளவருக்கு, 70 முதல் 80 பிஎஸ்ஐ காற்று நம் ரோடுகளுக்குப் பொருந்தும். கல் மாதிரி ஏற்றி வைத்தால் வேகம் வராது, முதுகுதான் வலிக்கும். ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், சின்ன பம்ப் ஆகிய மூன்றும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்தில் பஞ்சர் பலவும் லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பித் துண்டால் வருவது. புது டியூப் போடுவதற்கு முன்பு டயரின் உட்பக்கத்தை விரலால் முழுச் சுற்றும் தடவிக் கம்பியை எடுக்காவிட்டால், புது டியூபும் சில நூறு மீட்டரில் போய்விடும். அதிகாலை ஒத்திகைக்குப் பின்விளக்கு கட்டாயம்.

கிளிப் பெடல் (ஷூவின் அடியைப் பூட்டிக்கொள்ளும் பெடல்), சைக்கிள் ஷூ எல்லாம் முதல் போட்டிக்கு வேண்டாம். சாதாரணத் தட்டைப் பெடலில் ஓட்ட ஷூவோடு ஓட்டினால், இரண்டாவது ட்ரான்சிஷனில் (சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் கட்டத்தில்) ஷூ மாற்றும் வேலையே இல்லை. பெடல் ஷூ தரும் வேகத்தை 20 கிலோமீட்டரில் மிச்சம் பிடிப்பதற்குள் அதை மாட்டிக் கழற்றும் தடுமாற்றத்தில் பாதி போய்விடும். ஓடிவந்து தாவி ஏறுவது வீடியோவில் அழகாக இருக்கும். சைக்கிளில் ஏறுவதற்கென்று போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி நின்று, காலைத் தூக்கிப் போட்டு, நிதானமாக ஏறுங்கள். சைக்கிளை ஸ்டாண்டில் வைக்கும்போதே பின்பக்கம் பெரிய பல்சக்கரத்தில் கியரை விட்டுவைக்க மறக்காதீர்கள். முந்தின நாள் வேகமாக ஓட்டி வந்து அப்படியே மாட்டிய கியரில் ஏறினால் முதல் மிதியிலேயே சைக்கிள் சாயும்.

பாட்டில் ஸ்டாண்ட் ஒத்திகையில் மட்டுமே குட்டு வெளிப்படும் சாமான். ஸ்பீட் பிரேக்கரில் பாட்டில் துள்ளி விழுந்து பின்னால் வருபவர் சக்கரத்தில் போகும். அலுமினிய ஸ்டாண்ட் என்றால் கையால் உள்பக்கம் லேசாக வளைத்து இறுக்கிவிடலாம். பிளாஸ்டிக் என்றால் மாற்ற வேண்டியதுதான். முழுப் பாட்டிலோடு, வேகத்தடை உள்ள தெருவில் ஐந்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள்.

கடிகாரம் இல்லாமலே போட்டி முடிக்கலாம். இருந்தே தீர வேண்டும் என்றால், மூன்று விளையாட்டையும் ஒரே பட்டனில் மாற்றும் வசதி உண்டா என்று மாடல் எண் பார்த்து வாங்குங்கள். கார்மின் ஃபோர்ரன்னர் 55-இல் அந்த வசதி கிடையாது, 255-இல் உண்டு. தொடுதிரையை மட்டும் நம்பிய கடிகாரம் ஈர விரலுக்குக் கட்டுப்படாது. காதில் மாட்டும் ஹெட்போன் வாங்கவே வேண்டாம், போட்டியில் தடை.

குடிப்பதற்கு எலக்ட்ரால் போன்ற, உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் தயாரித்த ஓஆர்எஸ் பொடியே நம் வெக்கைக்குப் போதுமானது. 21.8 கிராம் பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். 750 மில்லி பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு கூடிக் குமட்டும். ஒரு லிட்டரில் சுமார் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அதாவது ஒரு பாட்டிலில் 10 கிராம். இது உப்புக்கும் தண்ணீருக்குமான பானம், இதை நம்பித் தெம்பு வராது. தெம்புக்காக அதிலேயே சர்க்கரையைச் சேர்த்தால் விகிதம் கெட்டு வயிற்றில் தண்ணீர் தேங்கும். தெம்பைத் தனியாகச் சாப்பிடுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உப்புப் பானம் எடுக்க வேண்டாம்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு வீட்டு எடைக் கருவி போதும். ஒரு மணி நேர சைக்கிளுக்கு முன்னும் பின்னும், துணியில்லாமல், துடைத்துக்கொண்டு எடை பாருங்கள். 62 கிலோ 61.1 ஆகி, இடையில் 400 மில்லி குடித்திருந்தால், மணிக்கு 1.3 லிட்டர் வியர்வை. அதில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை சைக்கிளிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட வேண்டும். ஓடும்போது வயிறு குலுங்கும். இழந்ததை விட அதிகமாகக் குடிப்பதும் ஆபத்துதான்.

சாப்பாட்டில் ஜெல் பாக்கெட் தேறுகிறது, ஒரு நிபந்தனையோடு. ஈரக் கையால் அதன் மூலையைக் கிழிக்க முடியாது. கிழிக்கும் முனையைச் சைக்கிளின் மேல் குழாயில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பாக்கெட்டைப் பிடித்து இழுத்தால் தானாகத் திறந்துகொள்ளும். ஒன்றில் 20-25 கிராம் மாவுச்சத்து இருக்கும், அதை முழுங்கி நாலு மடக்குத் தண்ணீர். ஜெல் பிடிக்காதவர்களுக்குக் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நல்ல மாற்று. கடலை மிட்டாய் சத்தில் குறைச்சல் இல்லை, ஆனால் மூச்சு வாங்கும்போது தூள் தொண்டையில் போகும். கமர்கட்டு பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதை வாயில் போட்டவர் ஓட்டம் முடிந்த பிறகும் மென்றுகொண்டிருப்பார். போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், வழக்கமாகச் சாப்பிட்டுப் பழகிய வகையே.

வெட்சூட் (குளிர் நீருக்கான ரப்பர் நீச்சல் உடை) வாங்கலாமா என்ற கேள்விக்கு விதியே பதில் சொல்கிறது. பொதுப் பிரிவினருக்கு, 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், தண்ணீர் 22 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் வெட்சூட் கூடாது. நம் கடல் எந்த மாதத்திலும் அதைத் தாண்டித்தான் இருக்கிறது. ஏரோ ஹெல்மெட், கார்பன் சக்கரம், அமுக்குக் காலுறை எல்லாம் இப்போதைக்குக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

சாமான் எல்லாம் தேறின பிறகும் ஒன்று இருக்கிறது, எந்தக் கடையிலும் கிடைக்காதது. சைக்கிளிலிருந்து இறங்கி ஓட ஆரம்பிக்கும் முதல் ஒரு கிலோமீட்டர் கால் உங்கள் கால் மாதிரியே இருக்காது. சுழற்றிப் பழகிய தசை ஓட்டத்துக்கு மாற நேரம் எடுக்கிறது, இடுப்பு முன்தசை சுருங்கியிருக்கிறது. மெதுவாகப் போகிறோம் என்று தோன்றும், ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் வழக்கத்தை விட வேகமாக இருக்கும். அதில் ஏமாந்தவர்கள்தான் மூன்றாவது கிலோமீட்டரில் நடப்பவர்கள். சைக்கிளின் கடைசி ஒரு கிலோமீட்டரில் லேசான கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று வைத்துச் சுழற்றி, ஓட்டத்தை வேண்டுமென்றே குறுகிய எட்டில் தொடங்குங்கள். ஒத்திகைக்கு முந்தைய வாரங்களில், வாரம் ஒருமுறை சைக்கிளுக்குப் பின் பதினைந்து நிமிடம் ஓடினாலே இது பாதி பழகிவிடும்.

ஒத்திகை முடிந்த அன்றே சூட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். குளோரினும் வெயிலும் சேர்ந்தால் எலாஸ்டேன் சீக்கிரம் தொய்யும், வாஷிங் மெஷின் வேண்டாம். கடலில் நீந்தியிருந்தால் சைக்கிளையும் கழுவுங்கள். உடம்பிலிருந்து சொட்டிய உப்பு நீர் ஹேண்டில்பார் போல்ட்டுகளிலும் அதன் அடியில் உள்ள பேரிங்கிலும் இறங்கியிருக்கும். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பகுதி) போல்ட் தலையில் ஒரு துளி வைத்துவிட்டால் போட்டிக்கு முந்தின நாள் ஆலன் கீ திரும்பும்.